ராத்திரியில் யார் முழித்திருக்கிறார்கள்?

அம்மாவுக்கு இடம் தேடிப் போன ஒவ்வொரு முதியோர் இல்லத்திலும் நான் கேட்ட முதல் கேள்வி, ராத்திரி எத்தனை பேர் முழித்திருப்பார்கள் என்பதுதான். பகலில் எத்தனை பேர் என்றால் டக்கென்று பதில் வரும். பிசியோதெரபி, பஜனை, தோட்டம், சிசிடிவி எல்லாம் வரிசையாக வரும். ராத்திரி என்றதும் பேச்சு இழுபடும். "ஸ்டாஃப் எல்லாம் இங்கேயேதான் தங்கறாங்க மேடம்." கீழ்த்தளத்தில் ஓர் அறையில் அசந்து தூங்குகிற ஆயாவுக்கு, மேல்தளத்தில் கழிப்பறை தேடி இருட்டில் இறங்கி நடக்கிற கிழவியின் காலடி எப்படிக் கேட்கும்?

டிமென்ஷியா என்னும் மறதி நோய் வந்தவர்களை வீட்டில் வைத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். பொழுது சாயச் சாயப் பதற்றம் ஏறும். "வீட்டுக்குப் போகணும், பையை எடு" என்று ஆரம்பிப்பார்கள். அவர்கள் இருப்பதே அவர்கள் வீட்டில்தான், ஆனால் சொன்னால் ஏறாது. ராத்திரி இரண்டு மணிக்கு விடிந்துவிட்டது என்று எழுந்து குளிக்கக் கிளம்புவார்கள். அந்த நேரத்தில் விழலாம், இடுப்பெலும்பு முறியலாம். இந்த நோயைப் பார்த்துக்கொள்வது என்றால் ராத்திரியைப் பார்த்துக்கொள்வது. அதைத்தான் யாரும் ஆய்வு செய்வதில்லை.

வரவேற்பறைச் சுவரில் சட்டம் போட்ட சான்றிதழ்கள் தொங்குகின்றன. டிரஸ்ட் பதிவு, தீயணைப்புத் துறைச் சான்று, சமையலறைக்கு உணவுப் பாதுகாப்பு உரிமம். எல்லாம் வேண்டியவைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் மறதி நோய்க்காரர் இத்தனை பேருக்கு ராத்திரியில் முழித்திருக்கும் பணியாளர் இத்தனை பேர் என்று எழுதிய ஒரு தாளை எந்தச் சுவரிலும் நான் பார்க்கவில்லை. அங்கே வேலை செய்கிற பெண்ணுக்கு இந்த நோயைப் பற்றி யாராவது ஒரு நாளாவது சொல்லிக் கொடுத்தார்களா என்பதற்கும் காகிதம் இல்லை.

சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது, மூன்று இருக்கிறது. அதுதான் வயிற்றெரிச்சல். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. மாவட்டத்துக்கு ஒன்றாவது, ஆதரவற்ற முதியோர் 150 பேர் தங்கும்படி இல்லம் அமைக்கலாம் என்று அது மாநில அரசுக்குச் சொல்கிறது. அந்தச் சட்டத்தின் மனதில் இருப்பது கைவிடப்பட்ட ஏழை முதியவர். நினைவு போனவர் அதில் இல்லை. இரண்டாவது, மருத்துவ நிறுவனங்களை முறைப்படுத்தும் தமிழ்நாட்டின் 1997-ஆம் ஆண்டுச் சட்டம். அதைச் சொன்னால், "நாங்க ஆஸ்பத்திரி இல்லையே, முதியோர் இல்லம்தானே" என்பார்கள். மூன்றாவது, 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். மன நோய்க்கு அது தரும் விளக்கத்தில் நினைவாற்றலும், இடம் காலம் அறியும் தன்மையும் கடுமையாகக் கெடுவதும் அடங்கும். அப்படியானால் டிமென்ஷியாக்காரர்களைச் சேர்த்துக்கொள்ளும் இல்லம், மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டிய இடம் என்றுதானே பொருள்? இதை நான் எடுத்துச் சொன்ன ஓர் இல்லத்தில் நிர்வாகியின் முகம் மாறிவிட்டது. "மேடம், இது மெண்டல் ஹாஸ்பிடல் இல்லை. அப்படிப் பேசாதீங்க, மத்தவங்க காதுல விழும்." ஆனால் அவர்களுடைய கட்டணப் பட்டியலில் 'மெமரி கேர்' என்று தனி வரி இருந்தது. அதற்குத் தனித் தொகையும் இருந்தது. காசு வாங்கும்போது அது சிறப்புப் பராமரிப்பு, பொறுப்பு என்று வரும்போது சாதாரண முதியோர் இல்லம்.

அந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தை வேண்டாம் என்று தள்ளுவது ஏன் கொடுமை என்றால், நம் பெற்றோருக்கு உண்மையில் பாதுகாப்பான வரிகள் அதில்தான் இருக்கின்றன. ஒருவரைக் கட்டி வைப்பது பற்றி அதன் 97-ஆவது பிரிவு பேசுகிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, பொறுப்பிலுள்ள மனநல மருத்துவரின் அனுமதியோடு மட்டும் கட்டலாம். தேவைக்கு மேல் ஒரு நிமிடமும் கூடாது. எப்படி, ஏன், எவ்வளவு நேரம் என்று குறிப்பேட்டில் எழுத வேண்டும். நோயாளி நியமித்த பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். ஆள் பற்றாக்குறை என்பதற்காகக் கட்டவே கூடாது.

நான் போன ஓர் இடத்தில், சாப்பாட்டு அறையில் ஒரு பாட்டியை நாற்காலியோடு சேர்த்து இடுப்பில் துப்பட்டாவால் கட்டியிருந்தார்கள். முடிச்சு பின்பக்கம். அந்த அம்மா விரலால் துணியை நெருடிக்கொண்டே இருந்தார். நான் நின்று பார்ப்பதைக் கண்டு அங்கிருந்த பெண் சொன்னாள்: "விழுந்துடுவாங்கக்கா. நான் ஒருத்திதான் இந்த மாடிக்கு. அவங்க நல்லதுக்குத்தான்." அவள் பொய் சொல்லவில்லை. ஒரு மாடிக்கு ஒருத்தி என்றால் அவள் வேறு என்ன செய்வாள்? பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், கையில் ஊட்ட வேண்டிய தட்டுகள், மாற்ற வேண்டிய டயப்பர்கள். அவள் மீது எனக்குக் கோபமே இல்லை. அவளை ஒருத்தியாக நிறுத்தியவர் மீதும், அதை வந்து பார்க்காத துறைகள் மீதும்தான் கோபம்.

கட்டிப்போட்டால் என்ன ஆகும் என்று தமிழ்நாட்டுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் எரிந்தார்கள். 28 உயிர்கள் போயின. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. இன்று சங்கிலி சட்டப்படி முழுவதுமாகத் தடை. துப்பட்டா முடிச்சையும் தீ வந்தால் அந்தப் பாட்டியால் அவிழ்க்க முடியாது.

துணியில்லாமலும் கட்டலாம், மாத்திரையால். மாலையில் சத்தம் போடுகிறார் என்றால் ஒரு மாத்திரை. தூங்கவில்லை என்றால் இன்னொன்று. மனச்சிதைவுக்குத் தரும் வகை மருந்துகள் டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே கட்டம் கட்டிய எச்சரிக்கை போட வைத்தது. 2008-ல் பழைய வகை மருந்துகளையும் அதில் சேர்த்தது. சில நேரம் வேறு வழியின்றி மருத்துவர் கொடுக்கத்தான் வேண்டியிருக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் யார் எழுதினார், எந்த அளவு, எப்போது குறைப்பார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாமா? நேற்று வரை அமைதியாக இருந்தவர் இன்று திடீரென்று குழம்பிக் கத்தினால், அது சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். மலச்சிக்கலாக இருக்கலாம். சொல்லத் தெரியாத பல்வலியாக இருக்கலாம். அதைத் தேடாமல் மாத்திரையை ஏற்றினால் வலி உள்ளேயே கிடக்கும், ஆள் மட்டும் அடங்கிவிடுவார்.

பதிவு பெற்ற மனநல நிறுவனங்களை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தணிக்கை செய்ய வேண்டும் என்கிறது அதே 2017-ஆம் ஆண்டுச் சட்டம். மூன்று ஆண்டு! இந்த நோயில் அது ஓர் ஆயுள். நடந்து வந்து சேர்ந்தவர் மூன்று ஆண்டில் படுக்கையில் இருப்பார், விழுங்கத் தெரியாமல் திணறுவார், முதுகில் படுக்கைப் புண்ணோடு கிடப்பார். இடையில் புகார் வந்தாலோ, தானாகவோ ஆணையம் ஆய்வு செய்யலாமாம். தானாக வராவிட்டால் யார் புகார் கொடுப்பது? முதியோருக்காக 14567 என்ற உதவி எண் இருக்கிறது, நல்ல ஏற்பாடு. ஆனால் காலையில் அடி வாங்கியதை மதியம் மறந்துவிடுகிறவர் எந்த எண்ணை அழுத்துவார்? கையில் கன்றியிருப்பதைக் காட்டி எப்படி என்று கேட்டால், செத்துப்போன தன் அம்மா கிள்ளினாள் என்பார். புகார் வந்தால் பார்க்கிறோம் என்கிற முறை, புகார் சொல்ல முடியாதவர்கள் இருக்கிற இடத்தில் செல்லாது. இதை ஒரு துறையாவது ஒப்புக்கொள்ள வேண்டும்.

நல்ல இல்லங்களும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட ஒன்றை நடத்துகிறவர், "ஆள் கிடைக்கலைம்மா. பழக்கி முடிச்சா ரெண்டாயிரம் கூடக் கொடுக்கற இடத்துக்குப் போயிடறாங்க" என்று வருத்தப்பட்டார். உண்மை. பயிற்சி பெற்ற ஆட்களை உருவாக்காமல் விதி மட்டும் போட்டால் ஒழுங்காக நடத்துகிறவர் மூடிவிட்டுப் போவார், சான்றிதழை மட்டும் மாட்டி வைக்கிறவர் நிலைப்பார். பக்கத்தில் கேரளம் 2014-லேயே டிமென்ஷியாவுக்கென்று மாநிலத் திட்டம் தொடங்கிவிட்டது. இந்தியாவில் அறுபது வயது தாண்டியவர்களில் 88 லட்சம் பேருக்கு இந்த நோய் என்று 2023-ல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. முதியோர் பராமரிப்பு இல்லங்களைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும், குறைந்தபட்சத் தரம் வேண்டும் என்று 2019 டிசம்பரில் மக்களவையில் ஒரு திருத்த மசோதா வந்தது. அது சட்டமாகவே இல்லை.

தமிழ்நாடு அரசு தில்லிக்காகக் காத்திருக்க வேண்டாம். மறதி நோய்க்காரரை எடுத்துக்கொள்ளும் இல்லம் எதுவானாலும் ஒரே துறையில் பதிவு, ராத்திரிக்கு இத்தனை பேர் என்ற கணக்கு, கட்டியதையும் மாத்திரை கொடுத்ததையும் எழுதும் ஏடு, சொல்லாமல் வந்து பார்க்கும் ஆய்வு. இவ்வளவுக்கும் இருக்கிற சட்டங்களே முக்கால்வாசி போதும்.

அதுவரை நாம்தான் ஆய்வாளர்கள். இடம் பார்க்கப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் போகாதீர்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல், சொல்லாமல் போங்கள். முழித்திருக்கும் ஆளைக் காட்டச் சொல்லுங்கள், மருந்து ஏட்டைக் கேளுங்கள். காட்ட மாட்டேன் என்றால் அங்கே டெபாசிட் கட்டாதீர்கள்.