எந்த ஏஜென்சி என்று கேட்காதீர்கள்

மட்டக்களப்புக் கடலில் 53 மீட்டர் ஆழத்தில் ஹெர்மிஸ் கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டுபோட்டு மூழ்கடித்த பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல். சாதாரண ஸ்கூபா சிலிண்டரோடு இறங்கினால் நின்று பார்க்க நேரமே இருக்காது. அதனால் ரீபிரீதர் பழகப்போவதாகச் சொல்கிறார் புதுச்சேரியில் டைவ் செய்யும் இளைஞர் ஒருவர். “எந்த ஏஜென்சியில சேரலாம் சார்? டிடிஐயா, ஐஏஎன்டிடியா, ரெய்டா?” என்று கேட்டார். வெளிநாட்டில் இரண்டு இடங்களில் கட்டணம்கூட விசாரித்து வைத்திருந்தார். சொல்லித்தரப் போகிறவர் யார் என்று கேட்டேன். இரண்டு இடத்திலும் அதை அவர் விசாரிக்கவில்லை.

ரீபிரீதரைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. நாம் இழுக்கும் மூச்சில் உடல் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் கொஞ்சம்தான். ஸ்கூபாவில் மிச்சமெல்லாம் குமிழியாகக் கடலோடு போய்விடும். 40 மீட்டரில் அழுத்தம் ஐந்து மடங்கு, சிலிண்டர் காலியாகும் வேகமும் ஐந்து மடங்கு. ரீபிரீதரோ விட்ட மூச்சையே சுற்றிக் கொண்டுவந்து தருகிறது. வழியில் ஸ்க்ரப்பர் என்ற டப்பாவுக்குள் அடைத்திருக்கும் சோடா லைம் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துக்கொள்ளும். உடல் செலவழித்த ஆக்சிஜனை மட்டும் கருவி ஈடுசெய்யும். நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர். எவ்வளவு ஆழம் போனாலும் அதே கணக்கு. 200 பார் நிரப்பிய மூன்று லிட்டர் சிலிண்டர் ஒன்று ஏட்டளவில் பத்து மணி நேரம் வரும் (சோடா லைம் அதற்கு வெகு முன்பே தீர்ந்துவிடும்). குமிழி இல்லை, சத்தம் இல்லை, மீன்கள் விலகி ஓடுவதில்லை. ஆசை வருவதில் ஆச்சரியமில்லை.

ஆபத்தும் அந்தச் சுற்றுக்குள்தான் இருக்கிறது. நமக்கு மூச்சுத்திணறலை உண்டாக்குவது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு. அதைத்தான் கருவி வடிகட்டிவிடுகிறதே! ஆகவே ஆக்சிஜன் குறைந்தால் திணறல் வராது. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே ஆள் மயங்கிவிடுவார். ஆக்சிஜன் கூடிப்போனால் வலிப்பு. ஆக்சிஜனை அளக்கப் பொதுவாக மூன்று செல்கள் இருக்கும், இரண்டு சொல்வதைக் கருவி நம்பும். பழைய செல்கள் இரண்டு சேர்ந்து பொய் சொன்னால் உண்மை சொல்லும் மூன்றாவது தோற்றுப்போகும்.

ஆண்ட்ரூ ஃபாக் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் 2013இல் வெளியிட்ட ஆய்வைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். 1998 முதல் 2010 வரை பொழுதுபோக்கு ரீபிரீதர் டைவர்கள் 181 பேரின் மரணங்கள். சாதாரண ஸ்கூபாவைவிட மரண விகிதம் சுமார் பத்து மடங்கு என்பது அவர் மதிப்பீடு. குறிப்பிட்ட ஒரு தயாரிப்புதான் ஆளைக் கொல்கிறது என்று அதிலிருந்து தேறவில்லை. ஏறக்குறைய மூன்றில் இரண்டு சம்பவங்களில் ஆபத்தான டைவோ ஆபத்தான நடத்தையோ இருந்தது. நடத்தை என்பது பழக்கம். முதல் வாரத்தில் பக்கத்தில் நிற்பவர் என்ன செய்கிறாரோ அதுதான் பழக்கமாக ஒட்டிக்கொள்ளும். என் வாதம் முழுக்க இந்த இடத்தில்தான் நிற்கிறது.

ஏஜென்சி எதற்கு என்றால், பாடத்திட்டம் எழுத, அட்டை அச்சடிக்க, புகார் வந்தால் விசாரிக்க. ஆர்டிஓ உரிமம் கொடுக்கிறது, வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தது மாமாவோ டிரைவிங் ஸ்கூல் அண்ணனோ, அவ்வளவுதான் வித்தியாசம். பாடத்திட்டங்களும் பெரிதாக வேறுபடுவதில்லை. முதல் நிலை பொதுவாக 40 மீட்டர் வரை, இரண்டாவது 60, மூன்றாவது 100. ஜியுஇ என்ற ஏஜென்சியோ டெக்னிக்கல் டைவிங்கை முதலில் சரியாகக் கற்றுவிட்டு வா என்கிறது. அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும். ஹெர்மிஸ் கிடப்பது 53 மீட்டரில் என்பதால் முதல் நிலை அட்டை அங்கே செல்லாது என்பதையும் புதுச்சேரித் தம்பிக்குச் சொன்னேன். குரல் கொஞ்சம் இறங்கியது.

அதைவிட முக்கியமான ஒன்று, இந்த அட்டை எல்லாக் கருவிக்கும் பொதுவானதல்ல. டென்மார்க்கின் ஜேஜே கருவியில் தேறியவர் பெல்ஜியத்தில் பிறந்த ரெவோவில் இறங்க வேண்டுமானால் அதற்குத் தனியாகக் கற்க வேண்டும். ஆகவே முதலில் முடிவாக வேண்டியது கருவி. நீங்கள் அடிக்கடி டைவ் செய்யும் கரையில் அதற்குச் செல், ஓரிங், சோடா லைம் கிடைக்குமா? பழுதானால் பார்க்க ஆள் உண்டா? அதே கருவியோடு இறங்கும் நண்பர் இருக்கிறாரா? அது முடிவானதும் அந்தக் கருவியில் சொல்லித்தரத் தகுதிபெற்ற பயிற்றுநர்கள் விரல்விட்டு எண்ணும்படி நிற்பார்கள். அவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் ஏஜென்சி தானாகவே அமைந்துவிடும்.

எப்படித் தேர்ந்தெடுப்பது? நான் ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். டைவுக்கு முன் படகில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் கருவியில் மூச்சுவிட்டுப் பார்க்கச் சொல்வார்கள். “எதற்காக?” என்று கேளுங்கள். “ஸ்க்ரப்பர் வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள” என்று மட்டும் சொன்னால் அவர் படித்து நாளாகிவிட்டது. நியூசிலாந்தின் சைமன் மிட்சல் குழு 2015இல் இதைச் சோதித்தது. ஆட்களுக்குத் தெரியாமல் ஸ்க்ரப்பரையே எடுத்துவிட்டு மூச்சுவிடச் சொன்னார்கள். 20 பேரில் 15 பேர் ஏதோ சரியில்லை என்று நிறுத்தினார்கள். ஐந்து பேர் உணரவேயில்லை. ஸ்க்ரப்பர் பாதி பழுதான நிலையில் நிறுத்தியவர்கள் இரண்டே பேர். அந்த ஐந்து நிமிடத்தின் நிஜமான பயன், ஆக்சிஜனைக் கருவி ஒழுங்காகச் சேர்க்கிறதா என்று பார்ப்பது.

அடுத்தது, வாய்க்குழல் நழுவாமல் தலையோடு கட்டும் பட்டை. பிரெஞ்சு ராணுவ டைவர்களுக்கு 1979 முதல் 2009 வரை நேர்ந்த 153 ரீபிரீதர் விபத்துகளைத் தொகுத்திருக்கிறார்கள். நினைவிழந்தவர்கள் ஐம்பதுக்கும் மேல், மூழ்கி இறந்தவர்கள் மூன்றே பேர். மற்றவர்கள் பிழைத்ததற்கு அந்தப் பட்டையும் பக்கத்தைவிட்டு விலகாத ஜோடி டைவரும்தான் காரணம் என்று கருதுகிறார்கள். “அது அசௌகரியம், நான் போடுவதில்லை” என்று சிரிக்கிற பயிற்றுநர்கள் உண்டு. நான் சிரிப்பதில்லை.

கருவியை அவர் பூட்டுவதை ஒருமுறை பார்த்துவிடுங்கள். கையில் செக்லிஸ்ட் இருக்கிறதா? ஒரு ஊரில், பெயர் வேண்டாம், பெரிய ஆள் என்று சொல்லப்பட்ட பயிற்றுநர் பேசிக்கொண்டே மனப்பாடமாகப் பூட்டினார். கேட்டதற்கு, “செக்லிஸ்ட் உங்களுக்கு, எனக்கு எதுக்கு?” என்றார். முன்பணம் போனால் போகட்டும் என்று வந்துவிட்டேன். தன் சந்தோஷத்துக்காக அதே கருவியில் கடைசியாக எப்போது இறங்கினார், யாரையாவது தேறவில்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறாரா என்பதையும் கேளுங்கள். இதுவரை எல்லோரும் தேறினார்கள் என்று பெருமையாகச் சொல்கிறவர் அட்டை விற்கிறார்.

பயிற்றுநர் கூடவே இருந்தால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். ‘ஷார்க்வாட்டர்’ ஆவணப்படம் எடுத்த கனடாக்காரர் ராப் ஸ்டீவர்ட் 2017 ஜனவரி 31 அன்று ஃபுளோரிடா கடலில் ரீபிரீதரோடு இறந்தார். சுமார் 70 மீட்டர் ஆழத்தில், அன்றைக்கு மூன்றாவது டைவ். கூட இறங்கிய பயிற்றுநர் படகில் ஏறியதும் சுருண்டு விழுந்தார், பிழைத்துக்கொண்டார். தண்ணீரில் மிதந்து காத்திருந்த ஸ்டீவர்ட் மூழ்கிப்போனார். யார் பொறுப்பு என்பது நீதிமன்றங்களின் விஷயம். ஆனால் மூன்றாவது தடவை இறங்க வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஆளா நம் பயிற்றுநர் என்பதைக் கரையில் இருக்கும்போதே தெரிந்துகொள்ள வேண்டும்.

அதற்கு வழி இருக்கிறது. பயிற்சிக்குப் பணம் கட்டும் முன், ஒரு நாள் கட்டணம் கொடுத்து அவரோடு சாதாரண ஸ்கூபாவில் இறங்கிப் பாருங்கள். காற்று பலமாக இருக்கும் நாளாக அமைந்தால் இன்னும் நல்லது. டைவை ரத்து செய்கிறாரா என்று தெரியும். இதற்கு நேரமில்லை என்று சொல்கிறவரிடம், அவர் எந்த ஏஜென்சியாக இருந்தாலும், சேர வேண்டாம்.