காயலான் கடைக்குப் போன சண்டிகர் மேசை

லண்டன் ஏலக் கூடங்களுக்கு நம்ம ஊர் தேக்கு மேசை வர்றது இப்ப புதுசில்ல. 1950கள்ல சண்டிகர் நகரத்தைக் கட்டினப்போ அங்கத்த அரசாங்க ஆபீஸ்களுக்குன்னே பியர் ஜான்ரே வடிவமைச்சது. லெ கொர்பூசியேவுக்கு உறவுமுறையில தம்பி. விலை? ஆயிரக்கணக்கான பவுண்டு. எந்த ஆபீஸ் சொத்துன்னு பெயிண்ட்ல எழுதின எழுத்தும் நம்பரும் அழியாம இருந்தா இன்னும் கிராக்கி. அசல்ங்கறதுக்கு அதுதான் அத்தாட்சியாம்! நம்ம கிளார்க் கிறுக்கினதுக்கு வந்த மவுசைப் பாருங்க.

வெள்ளைக்காரன் திருடிட்டான்னு நம்மாளுங்க கொதிக்கிறாங்க. எனக்கு அதுல உடன்பாடில்லை. கால் ஆடுதுன்னு மொட்டை மாடியில போட்டு வெயில் மழையில நனைய விட்டு, கடைசியில கழிவுன்னு ஏலம் போட்டதே நம்ம ஆபீஸருங்கதான். 2011ல உள்துறை அமைச்சகம் விக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு. அதுக்குள்ள எவ்வளவோ கப்பலேறியாச்சு. 1972 பழம்பொருள் சட்டமும் உதவாது, அதுக்கு மேசைக்கு நூறு வயசு ஆகணும்! போனதைக் கேட்டு கத்தறதை விட, இன்னும் அங்க ஆபீஸ்ல கிடக்கிற நாற்காலிக்கு ஒரு ஆணி அடிச்சுக் கொடுக்கலாம்.

எனக்கு எரிச்சல் வேற விஷயத்துல. கேட்லாக்ல ஜான்ரே பேர் கொட்டை எழுத்துல இருக்கும். கூடவே வேலை பார்த்த யூலி சௌத்ரியை எத்தனை பேருக்குத் தெரியும்? இழைச்ச தச்சருங்க பேரை அதுல தேடிப் பாருங்க, கிடைச்சா எனக்கும் சொல்லுங்க.