உயரமும் ஒரு பலம்தான்



"இந்த உயரத்துக்கு எங்கே மாப்பிள்ளை தேடுவது?" என்று மகளின் காதுபடவே சொல்லிவிடுகிறோம். பிள்ளை கூனி நடக்கத் தொடங்குகிறாள்.

எங்கள் ஈவினையில் பிறந்து, யுத்த காலத்தில் வளர்ந்தவர் தர்ஜினி சிவலிங்கம். உயரம் ஏறத்தாழ 6 அடி 10 அங்குலம். வலைப்பந்தாட்டத்தில் வளையத்தருகே நிற்பவருக்கு உயரமே பலம். 2009இல் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்ற அணியில் அவரும் ஒருவர். பின்னர் அவுஸ்திரேலியாவில் சிற்றி வெஸ்ற் பல்கன்ஸ் கழகத்துக்காக விளையாடினார். 2019இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் 348 கோல்கள் போட்டு, எல்லோரிலும் முதலிடம் பெற்றார். அப்போது வயது நாற்பதளவில்.

மகள் பாடசாலை அணியில் சேரக் கேட்டால், "பெரியபிள்ளையாகிவிட்டாய்" என்று மறிக்காதீர்கள். முதலில் அவளை நிமிர்ந்து நடக்கச் சொல்லுங்கள்.