நாலு பேருக்கு எவ்வளவு?

ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியிலோ சித்திரை வீதியிலோ ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "பையன் எங்கே இருக்கான்?" என்று கேட்டுப் பாருங்கள். ஊர்ப் பெயருக்கு முன்னால் விசாவின் பெயர் வரும். "எச்-1பி-யில இருக்கான்." "பி.ஆர். வந்தாச்சு." "எஸ் பாஸ்தான், இன்னும் குடும்பத்தைக் கூட்டிண்டு போகல." மூன்றாவது, சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர் வீட்டுப் பதில்; அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கும்.

முன்பெல்லாம் கல்யாணத்துக்கு முன்பே வெளிநாடு போனவர்கள்தான் அதிகம். இப்போது மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள் என்று குடும்பத்தோடு கிளம்ப நினைக்கிறார்கள். நகையை அடகு வைத்துவிட்டுத் திருச்சி தில்லைநகரில் ஏதோ ஒரு கன்சல்டன்சியின் மாடிப்படி ஏறி, "எந்த விசா மலிவு?" என்று கேட்கிறார்கள். அங்கே சொல்லப்படுவது பெரும்பாலும் ஓர் ஆளுக்கான விலை. "முதல்ல நீங்க போங்க, ஃபேமிலியை அப்புறம் பார்த்துக்கலாம்" என்பார்கள். அந்த "அப்புறம்" எப்போது வரும், எவ்வளவு ஆகும் என்று யாரும் எழுதித் தருவதில்லை.

பிரிட்டனையே எடுத்துக்கொள்வோம். கணவனோ மனைவியோ ஓராண்டு முதுகலைப் படிப்பில் சேர்வது, மற்றவர் டிபென்டென்ட்டாகப் போய் வேலை பார்ப்பது என்பது பல ஆண்டுகள் ஓடிய வழி. 2024 ஜனவரியில் அந்தக் கதவு மூடப்பட்டது. ஆய்வுப் படிப்புகள் போன்ற சிலவற்றுக்குத்தான் விலக்கு. அதே ஆண்டு மார்ச்சில், முதியோர் பராமரிப்பு வேலைக்குப் புதிதாகப் போவோரும் குடும்பத்தை அழைத்துச் செல்ல முடியாமல் போனது. பட்டதாரித் தரத்து வேலைகளுக்கான திறன் வேலை விசாவில் இன்றும் குடும்பத்தோடு போகலாம். ஆனால் விசாக் கட்டணத்துக்கு மேல் மருத்துவக் கூடுதல் கட்டணம் என்று ஒன்று உண்டு: பெரியவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, குழந்தைக்கு 776. நால்வர் மூன்று ஆண்டு இருக்க இதற்கே 10,866 பவுண்டு, நம் பணத்தில் பன்னிரண்டு லட்சத்துக்கு மேல். விசா வரும் முன்பே மொத்தமாகக் கட்டியாக வேண்டும். ஓர் ஆளுக்கான விலையை வைத்துக் கணக்குப் போட்டவர்கள் இந்த இடத்தில்தான் திணறுகிறார்கள்.

நிரந்தர வசிப்புரிமை (பி.ஆர்.) தரும் கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி இதற்கு நேர்மாறு. 2024 ஏப்ரல் கட்டணப்படி பெரியவருக்கு 1,525 கனடிய டாலர், பிள்ளைக்கு 260. கைரேகைக் கட்டணத்தையும் சேர்த்தால் நால்வருக்கு நாலாயிரம் டாலருக்குள் முடிந்துவிடும். கையிருப்பாக 28 ஆயிரம் டாலருக்கு மேல் காட்ட வேண்டும். அது கடன் வாங்கிய பணமாக இருக்கக் கூடாது. ஆனால் அது கட்டணம் அல்ல, குடும்பத்திடமே இருக்கும் பணம். இதில் ஒரு சங்கடம்: 29 வயதைத் தாண்டினால் ஆண்டுக்கு ஆண்டு புள்ளி குறையும். தவறான விசாவில் நாலு வருஷத்தைத் தொலைத்தவருக்குப் பணத்தோடு புள்ளியும் போய்விடுகிறது.

நமக்குப் பக்கம் சிங்கப்பூர். திருச்சியிலிருந்து நேராகப் பறக்கலாம். அங்கே எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு 2025 முதல் இளையவர்களுக்கான குறைந்தபட்சச் சம்பளம் 5,600 வெள்ளி. மனைவி மக்களைக் கூட்டிப்போக 6,000 வெள்ளி வேண்டும். இடைப்பட்ட சம்பளத்துக்குக் கையெழுத்திடுபவர், குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுப் போகத்தான் கையெழுத்திடுகிறார். ஒர்க் பெர்மிட்காரருக்கு அந்தப் பேச்சே இல்லை. வேலை பேசும்போதே நிறுவனத்திடம் அந்த 400 வெள்ளியைக் கேட்டுப் பார்ப்பதுதான், நமக்குத் தெரிந்தவரை, மிக மலிவான விசா யோசனை.

"டூரிஸ்ட் விசாவுல போய் அங்கே மாத்திக்கலாம்" என்பவர்களைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. அப்படித் தாய்லாந்தில் வேலை என்று நம்பிப் போய் மியான்மரில் சிக்கிய தமிழர்களை 2022-இல் மீட்டுவர வேண்டியிருந்தது.

குடும்பத்தோடு போகிறவருக்கு, முதல் நாளிலேயே நால்வர் பெயரையும் ஏற்கும் விசாதான் மலிவானது என்பது நம் கருத்து. அதைத் தேர்ந்தெடுக்கத் தேவையான கணக்கை மக்கள் கையில் கொடுப்பது அரசின் கடமை. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ், பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் ரூ.30,000-மும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். அந்தச் சட்டம் வேலைக்கு ஆள் அனுப்புவோரை மட்டுமே கட்டுப்படுத்தும். மாணவர் விசாவுக்கும் பி.ஆருக்கும் ஃபைல் போடுபவர்கள் அதன் வலைக்கு வெளியே நிற்கிறார்கள். பஞ்சாப் 2012-இலேயே இதற்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்து, பயண முகவர்களும் ஆலோசகர்களும் உரிமம் பெற்றாக வேண்டும் என்றது. சட்டம் வந்தும் அங்கே மோசடி ஒழியவில்லை என்பது உண்மைதான். ஆனால் உரிமம் இருந்தால்தான் ரத்து செய்யவாவது முடியும்.

1978-இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் அயலகத் தமிழர் நல வாரியமும் உள்ள தமிழ்நாடு இதைச் செய்யத் தயங்கக் காரணமில்லை. கன்சல்டன்சிகளுக்கு உரிமம் வேண்டும். அரசுக் கட்டணம் தனியாக, சேவைக் கட்டணம் தனியாக, முழுக் குடும்பத்துக்கும் எழுத்தில் தரச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும். திருச்சி பாஸ்போர்ட் அலுவலக வாசலில் நாடுவாரியான கட்டணப் பலகை ஒன்று வைக்கப் பெரிய செலவு ஆகாது. ஃபைலைச் சரியாகத் தயாரித்துத் தருபவர் கூலி வாங்குவதில் தவறில்லை. அது எவ்வளவு என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

சட்டம் வரும்வரை, மாடிப்படி ஏறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. "எந்த விசா மலிவு?" என்று கேட்காதீர்கள். நாலு பேருக்கு மொத்தம் எவ்வளவு, நால்வரும் ஒரே நாளில் விமானம் ஏற முடியுமா என்று கேளுங்கள். பதிலை லெட்டர்ஹெட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் முன்பணம் கட்டாமல் இறங்கி வந்துவிடுங்கள்.