மீன்தொட்டித் தண்ணீரை நிறுத்தாதீர்கள், ஓட்டத்தைக் குறையுங்கள்



சென்ற இதழில் வீட்டு ஹீற்றருக்குள் சிக்கிய காற்றை வெளியேற்றுவது பற்றி எழுதியிருந்தோம். இம்முறை மீன்தொட்டி. "வாடகை கட்டவே பெரும்பாடு, இதற்குள் மீனுமா?" என்று சிலர் கேட்பீர்கள். நாங்களும் அப்படித்தான் கேட்டோம். ஆனால் தொடர்மாடியில் நாயும் பூனையும் வளர்ப்பது எல்லோருக்கும் ஏலாது. பிள்ளைகளின் ஆசை கடைசியில் மீனில்தான் வந்து நிற்கிறது.

இங்கே ஜேர்மனியில் எங்களோடு வேலைத்தலத்தில் நிற்கும் போலந்துக்காரர் ஒருவர், வீடு மாறும்போது ஒரு கண்ணாடித் தொட்டியைத் தந்தார். நீளம் 60, அகலம் 30, உயரம் 30 சென்ரிமீற்றர். கணக்குப் பார்த்தால் 54 லீற்றர். அதனோடு, தொட்டிக்கு வெளியே கீழே வைக்கும் பில்ரர் ஒன்றும் தந்தார். அது அவருடைய பெரிய தொட்டிக்குப் பாவித்தது. அந்த வித்தியாசத்தை நாங்கள் அப்போது யோசிக்கவில்லை.

மகளுக்கு ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் அதிகம் வாய் திறப்பதில்லை என்று அவளுடைய ஆசிரியை சொல்லியிருந்தார். கடையில் அவளே ஒரு சிவப்புச் சண்டைமீனைத் தெரிந்தெடுத்தாள். அடியில் மேயும் கெளிற்று இனத்துச் சின்ன மீன்கள் ஆறும் வாங்கினோம்.

சண்டைமீன் தாய்லாந்துப் பக்கத்து வயல்களிலும் சதுப்புகளிலும், ஓட்டம் குறைந்த தண்ணீரில் சீவிக்கும் இனம். அடிக்கடி மேலே வந்து வாயால் காற்றுக் குடிக்கும். கடையில் விற்பதற்கு மனிதர் நீண்ட செட்டையோடு வளர்த்தெடுத்திருப்பதால் அதற்கு வேகமாக நீந்தவும் இயலாது. எங்கள் பில்ரரோ தண்ணீரைப் பீச்சியடித்தது. மீன் ஒரு மூலையில் செடியைப் பிடித்தபடி ஒதுங்கிக் கிடந்தது. வெளியே வந்தால் ஓட்டம் அதை இழுத்துக்கொண்டு போனது. செட்டையின் ஓரமும் கிழிந்தது.

"அப்பா, அது நித்திரை கொள்ளேலாமல் நிக்குது," என்றாள் மகள். இரவில் பில்ரரின் பிளக்கைக் கழற்றிவிட்டு, காலை வேலைக்குப் போகும்போது கொழுவினோம். மீன் ஆறுதலாக நின்றது. கறன்ற் காசும் மிச்சம் என்று எங்களுக்கு நல்ல சந்தோசம்.

மூன்றாம் கிழமை தண்ணீர் கலங்கி மணக்கத் தொடங்கியது. ஒரு காலை கெளிற்று மீன்கள் இரண்டு செத்துக் கிடந்தன. போத்தலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனோம். கடைக்காரர் அதில் ஒரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட, தண்ணீர் கடும் இளஞ்சிவப்பாக மாறியது. அவர் சொன்னதை மகள்தான் எங்களுக்குத் தமிழில் சொன்னாள். "இரவில நிப்பாட்டினதுதான் பிழையாம், அப்பா." அந்தச் சொல்லை அந்தப் பிள்ளையின் வாயால் கேட்டது எங்களுக்கு இன்னமும் மறக்கவில்லை.

நாங்கள் சாதாரணதரத்தோடு படிப்பை விட்டவர்கள். விளங்கிக்கொண்டதை விளங்கியபடி எழுதுகிறோம். மீனின் கழிவிலிருந்து அமோனியா வருகிறது, அது நஞ்சு. பில்ரரின் ஸ்பொஞ்சில் குடியிருக்கும் பற்றீரியாக்கள் அதை முதலில் நைத்திரைற்றாகவும், பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. நைத்திரைற்றும் நஞ்சுதான், கடைக்காரர் கண்ட நிறம் அதனுடையது. நைத்திரேற்று அவ்வளவு மோசமில்லை, கிழமைக்கொருமுறை கொஞ்சத் தண்ணீர் மாற்றினால் போதும். இந்தப் பற்றீரியாக்களுக்கு ஒட்சிசன் வேண்டும். அது ஓடுகிற தண்ணீரோடுதான் அவைக்கு வருகிறது. மூடிய பில்ரரை இரவு முழுவதும் நிறுத்தினால் அவை மூச்சடைத்துச் சாகலாம். பில்ரர் என்பது குப்பை வடிக்கும் வடி மட்டுமல்ல என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரியும்.

அன்றே பாதித் தண்ணீரை மாற்றினோம். பில்ரர் இரவும் பகலும் ஓடவேண்டும். ஆனால் மீனை அடித்துக்கொண்டு போகவும் கூடாது. ஆகவே ஓட்டத்தைக் குறைக்க வேண்டும். எப்படி?

பில்ரரில் இரண்டு குழாய்கள், இரண்டிலும் சின்னத் திறப்பு. நாங்கள் தண்ணீர் உறிஞ்சும் குழாயின் திறப்பை அரைவாசி பூட்டினோம். கொஞ்ச நேரத்தில் பில்ரர் கரகரவென்று சத்தமிட்டது. காற்றுக் குமிழிகளும் வந்தன. மறுநாள் போலந்துக்காரரிடம் சொன்னபோது தலையில் கைவைத்தார். "எங்கள் மெசினுக்குக் குளிர்தண்ணீர் விடும் பம்பியில் எந்த வால்வைத் திருகுகிறாய்? வெளியே போகிற பக்கத்தைத்தானே? பம்பிக்குக் குடிக்கத் தாராளமாகக் கொடு. துப்புவதை மட்டும் குறை."

வேலைத்தலத்தில் நாங்கள் தினமும் செய்கிற வேலை, வீட்டுக்கு வந்ததும் மறந்துபோயிற்று! உறிஞ்சும் பக்கத்தை அடைத்தால் பம்பியின் சிறகுக்குத் தண்ணீர் பத்தாது. காற்றையும் இழுக்கும், தேயும். வெளியே விடும் பக்கத்தைக் குறைத்தால் இவ்வகைப் பம்பிக்குக் கேடில்லை. முழுவதும் பூட்டிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

எவ்வளவு குறைப்பது என்பதைக் கண்ணால் மதிக்காமல் அளந்து பாருங்கள். தண்ணீர் விடும் குழாயின் வாயைத் தொட்டியின் விளிம்பு உயரத்திலேயே பிடித்து, 2 லீற்றர் யாக்கில் விடுங்கள். கீழே பிடித்தால் தண்ணீர் வேகமாக வந்து கணக்குப் பிழைக்கும். யாக்கு நிறைய எத்தனை செக்கன் என்று பார்த்து, 2-ஐ 3600-ஆல் பெருக்கி அந்தச் செக்கனால் பிரியுங்கள். வருவது மணித்தியாலத்துக்கு எத்தனை லீற்றர் என்ற கணக்கு. எங்களுக்கு முதலில் 12 செக்கன், அதாவது 600 லீற்றர். 54 லீற்றர் தொட்டித் தண்ணீர் ஒரு மணித்தியாலத்தில் பதினொரு தடவை சுற்றியிருக்கிறது! திறப்பைக் கொஞ்சங் கொஞ்சமாகப் பூட்டி 40 செக்கனுக்குக் கொண்டுவந்தோம். 180 லீற்றர், மூன்று தடவைக்குக் கொஞ்சம் கூட. ஓட்டம் விரும்பாத மீனுக்கு இது போதும்.

பிறகு, விடும் குழாயின் நுனியில் வரிசையாக ஓட்டைகள் உள்ள குழாயை மாட்டி, ஓட்டைகளைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினோம். தண்ணீர் கண்ணாடியில் பட்டு உடைந்து மெதுவாகப் பரவுகிறது. ஊரில் மிளகாய்த் தோட்டத்துக்கு மெசினால் இறைக்கும்போது, வாய்க்கால் மண் அரியாமலிருக்க ஐயா குழாய் வாயடியில் சாக்குப் போடுவார், மெசினை நிறுத்தமாட்டார். அதே வேலைதான் இது. ஒரு கல்லையோ செடியையோ ஓட்டத்துக்கு எதிரே வைத்தாலும் உதவும். ஆனால் மேல்தண்ணீர் இலேசாக ஆடிக்கொண்டிருக்க வேண்டும்; அப்போதுதான் ஒட்சிசன் கலக்கும்.

இன்னும் சில விடயங்கள்:

தொட்டிக்குள்ளேயே வைக்கும் சின்னப் பில்ரர் என்றால், பெரும்பாலும் தண்ணீர் வரும் வாயில் திருகி ஒன்று இருக்கும், அதைத் திருப்புங்கள். காற்றுப் பம்பியால் இயங்கும் ஸ்பொஞ் பில்ரர் என்றால், காற்றுக் குழாயில் சின்ன வால்வு போடலாம். அந்தப் பம்பியைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். இல்லாவிட்டால் கறன்ற் நின்றதும் தண்ணீர் குழாய்வழியே இறங்கி வரலாம்.

ஓட்டம் தானாகக் குறைந்தால் திறப்பைத் திறக்காதீர்கள், ஸ்பொஞ் அடைத்திருக்கும். அதைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் பிழியுங்கள். சுடுதண்ணீரும் சவர்க்காரமும் பற்றீரியாவைக் கொன்றுவிடும்.

லைற் வெளிச்சத்தைக் குறைக்கும் சுவிச்சைப் பம்பிக்குப் போடாதீர்கள், மோட்டார் பழுதாகும். கை வைக்குமுன் பிளக்கைக் கழற்றுங்கள். வயர் பிளக்கைவிடக் கீழே ஒருமுறை தொங்கி மேலேறிப் போகட்டும். வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். குழாய்ப் பூட்டுகளையும் இறுக்கிப் பாருங்கள், கீழே இன்னொரு குடும்பம் இருக்கிறது.

மிச்ச நான்கு கெளிறுகளும் பிழைத்தன. பிறகு இரண்டு வாங்கிச் சேர்த்தோம். சண்டைமீன் இப்போது ஓட்டமில்லாத மூலையில் நுரைக்கூடு கட்டுகிறது. ஆண்மீன் அப்படிக் கட்டும். ஞாயிறு தோறும் யாக்கைப் பிடிப்பது நாங்கள், செக்கன் எண்ணுவது மகள், ஜேர்மன் மொழியில். சென்ற மாதம் அந்தக் கணக்கை வகுப்பில் எழுந்து நின்று சொன்னாளாம். ஆசிரியை எங்களுக்கு எழுதி அனுப்பியிருந்தார். அதையும் அவள்தான் வாசித்து விளங்கப்படுத்தினாள்.

அடுத்த இதழில் தையல் மெசின் நூல் அறுவது பற்றிப் பார்ப்போம்.