கொடையின் நிறையும் தரமும்

புறாவின் நிறைக்கு ஈடாகத் தன் தசையை அரிந்து தராசில் வைத்த சிபியைப் போற்றாத தமிழ்ப் பள்ளிக்கூடம் இல்லை. அந்தத் தராசு எடையை மட்டுமே கேட்டது. தசை நல்லதா என்று கேட்கவில்லை. நமது கொடைப் பெருமையெல்லாம் இன்றும் அத்தராசிலேயே நிற்கிறது என்பது என் எண்ணம்.

உச்சமுனையில் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று. அண்ணனுக்கு ஈரல் கெட்டுவிட்டது. தம்பி தன் ஈரலில் ஒரு பகுதியைத் தர முன்வந்தான். சோதித்த மருத்துவர்கள், கொழுப்பு மிகுந்த ஈரல், எடுக்க இயலாது என்று திருப்பி அனுப்பினர். ஊர் என்ன சொல்லிற்று? "கொடுக்க மனமில்லை, டாக்டர் மேல் பழியைப் போடுகிறான்" என்றது. அதன்பின் அவன் களப்புக்கரையில் தலைகாட்டவேயில்லை.

இது கொடுமை. இதனை இவ்வூராருக்கு விளக்கவும் வேண்டுமா? படகு கரை சேர்ந்ததும் செவுளைத் தூக்கிப் பார்த்து, ஐஸில் எத்தனை மணி கிடந்தது என்று கேட்ட பின்புதானே மீனுக்கு விலை சொல்கிறார்கள்! (ஒப்புமை கரடுமுரடானது, பொறுத்தருள்க.)

ஈரலும் உடலைப் பிரிந்து, குளிரில் கிடந்து, மீண்டும் சூடான இரத்தத்தை ஏற்க வேண்டும். கொழுப்பேறிய உயிரணுக்கள் இம்மாற்றத்தை எளிதில் தாங்குவதில்லை. பெருந்துளிக் கொழுப்பு 30 சதவீதத்தைக் கடந்தால், பொருத்திய ஈரல் வேலையைத் தொடங்காமலே போகும் அபாயம் கூடுகிறது. கொடுத்தவனிடம் எஞ்சுகின்ற பகுதியும் வளர வேண்டுமே! மூளைச்சாவு அடைந்தவரின் ஈரலாயின், அவர் வயதும் ஐஸில் கழிந்த நேரமும் கணக்கில் சேரும். 12 மணி நேரத்துக்குள் பொருத்திவிடவே முயல்கிறார்கள். சில நாடுகளில் ஈரலை இயந்திரத்தில் வைத்து, இளஞ்சூட்டில் இரத்தம் பாய்ச்சி, அது வேலை செய்கிறதா என்று பார்த்த பின்பே பொருத்துகிறார்கள். செவுள் பார்ப்பது போலத்தான்.

1998இல் காஞ்சிபுரத்துக் குழந்தையொன்றுக்குத் தில்லியில் தந்தையின் ஈரற்பகுதியைப் பொருத்தினர். அக்குழந்தை வளர்ந்து மருத்துவராயிற்று. அத்தந்தையின் அன்பு இத்தம்பியின் அன்பினும் பெரிதென்று அளந்தவர் யார்? அவர் ஈரல் நன்றாயிருந்தது, அவ்வளவே.

ஈரற்கொழுப்பு கரையாத கல்லன்று. உணவைக் குறைத்து உடலை உழைக்கவிட்டால், சில மாதங்களில் பலருக்கு அது குறைகிறது. முன்பு மறுக்கப்பட்டோர் பின்பு கொடையாளர் ஆனதுண்டு. தம்பி இப்பொழுது விடியுமுன் எழுந்து கடற்கரை மணலில் நடக்கிறான். ஊரார் கண்ணில் படாதிருக்க, இருட்டிலேயே நடந்துவிட்டு வீடு திரும்புகிறான்.