வீடு விற்பனைக்கு! 49 ஸ்நான அறைகள் உண்டு

வீடு வாங்குவதென்று தீர்மானித்துவிட்ட மனிதன் பத்திரிகை படிக்கும் முறையே வேறு. முதல் பக்கத்தில் மந்திரி சபைகள் கவிழ்ந்தால் கவிழட்டும். அவன் நேரே விளம்பரப் பக்கத்துக்குப் போய்விடுவான். நாமும் சில மாதங்களாக அந்த நிலைமையில்தான் இருக்கிறோம். இரண்டு படுக்கை அறை, கிழக்குப் பார்த்த வாசல், உப்புக் கரிக்காத தண்ணீர், இவ்வளவுதான் நமது கோரிக்கை. ஆனால் நம்மிடம் உள்ள தொகையும் தரகர் சொல்லும் தொகையும் ஒன்றையொன்று முகம் பார்ப்பதற்கே மறுக்கின்றன.

ஆகவே ஒரு யோசனை செய்தோம். எப்படியும் வாங்க முடியாத வீட்டைத்தான் பார்க்கப் போகிறோம். அப்படியானால் சற்றும் சந்தேகத்துக்கு இடமில்லாமல், முழுக்க முழுக்க வாங்க முடியாத வீடுகளையே பார்த்தால் என்ன? பத்து லட்சம் ரூபாய் குறைந்தால் மனிதனுக்குத் தூக்கம் வருவதில்லை. இரண்டாயிரம் கோடி குறைந்தால் மனத்தில் ஒரு சஞ்சலமும் உண்டாவதில்லை. நேயர்கள் வேண்டுமானால் பரீட்சை செய்து பார்க்கலாம்.

இந்த மாதிரி வீடு பார்ப்பதற்கு உத்தமமான இடம் அமெரிக்காவிலுள்ள லாஸ் ஏஞ்சலீஸ் நகரம். அங்கே 'பெல் ஏர்' என்று ஒரு மேட்டுப் பிரதேசம் இருக்கிறது. அதன் உச்சியிலே 'தி ஒன்' என்று ஒரு மாளிகை. 'இது ஒன்றுதான்' என்று வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று வேண்டாம் என்பதும் அந்தப் பெயரில் அடங்கியிருக்கிறது என்பது நமது அபிப்பிராயம். அதன் பரப்பு 1,05,000 சதுர அடி. அமெரிக்க ஜனாதிபதி வாசம் செய்யும் வெள்ளை மாளிகையே 55,000 சதுர அடிதான். அந்த ஜனாதிபதிக்கு ராஜ்ய பாரம் இருக்கிறது. வருகிறவர் போகிறவர் ஆயிரம் பேர். 'தி ஒன்' மாளிகையோ ஒரே ஒரு குடும்பம் குடியிருப்பதற்காகக் கட்டப்பட்டது.

உள்ளே என்னென்ன இருக்கின்றன என்று கேட்டால், என்ன இல்லை என்று சொல்வதே சுலபம். நடனக் கொட்டகை உண்டு. சினிமாக் கொட்டகை உண்டு. பந்து உருட்டி விளையாட ஒரு மண்டபம், சுருட்டுக் குடிக்க ஒரு மண்டபம், சிகை அலங்காரத்துக்கு ஒரு சாலை, முப்பது மோட்டார் வண்டிகள் நிற்க ஒரு கொட்டாரம், நீந்துவதற்கு ஐந்து குளங்கள். இவ்வளவும் போதாதென்று மூன்று பக்கமும் அகழி வேறே! முற்காலத்தில் அரசர்கள் கோட்டையைச் சுற்றி அகழி வெட்டி அதில் முதலை விட்டார்கள். அது பகைவருக்கு அஞ்சி. இந்த வீட்டுக்கு எந்தப் பகைவர் வருவார் என்று நமக்கு முதலில் விளங்கவில்லை. பிற்பாடு கடன்காரர்கள் வந்தார்கள் என்று தெரிந்ததும் விளங்கிற்று. அகழி அவர்களைத் தடுக்கவில்லை.

படுக்கை அறைகள் 21. ஸ்நான அறைகள் 49. இந்த இரண்டு எண்களையும் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு நாம் ஒரு மாலை முழுவதும் கணக்குப் போட்டோம். ஆளுக்கு இரண்டு கொடுத்தாலும் ஏழு மிச்சம். நமது வீட்டில் ஆறு பேருக்கு ஒரு ஸ்நான அறை. காலை ஏழு மணிக்கு அதன் வாசலிலே நடைபெறும் வாதப் பிரதிவாதங்கள் ஹைகோர்ட்டில்கூட நடப்பதில்லை. ஆனால் அந்த வாக்குவாதத்தில்தானே யாருக்குப் பரீட்சை, யாருக்குத் தலைவலி, யார் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் நமக்குத் தெரிய வருகிறது? 49 ஸ்நான அறை உள்ள வீட்டில் ஒருவர் ஊருக்குப் போய்விட்டாலும் மற்றவர்களுக்குத் தெரிய ஒரு வாரம் ஆகும்.

இப்போது விலை விவகாரத்துக்கு வருவோம். வீடு கட்டிக்கொண்டிருந்த காலத்தில் 50 கோடி டாலர் என்று பேச்சு அடிபட்டது. கட்டியவர் வாங்கிய கடன் பத்துக் கோடி டாலரையும் தாண்டிவிட்டது. 2021-ல் வீட்டுக்குச் சொந்தமான கம்பெனி திவாலாயிற்று. 2022 ஜனவரியில் 29½ கோடி டாலர் என்று விலை குறித்தார்கள். அப்போதைய நாணய மாற்றுப்படி சுமார் 2,200 கோடி ரூபாய். மார்ச்சு மாதத்தில் ஏலம் போட்டார்கள். 12 கோடியே 60 லட்சம் டாலரில் மணி அடித்துவிட்டது. ஏலக் கமிஷனும் சேர்த்து 14 கோடியே 10 லட்சம். கூறிய விலையில் பாதிகூட இல்லை. கத்தரிக்காய்க் கூடைக்காரியிடம் பாதி விலைக்குக் கேட்டால் அவள் நம்மைப் பார்க்கிற பார்வை நமக்குத் தெரியும். பெல் ஏரில் அது சர்வசாதாரணம்.

இது அந்த ஒரு வீட்டுக்கு வந்த துர்ப்பாக்கியம் என்று எண்ணிவிட வேண்டாம். அதே பெல் ஏரில், கைப்பை வியாபாரத்தில் பெரும் பொருள் திரட்டிய ஒரு கனவான் இன்னொரு மாளிகையைக் கட்டி, 2017-ல் 25 கோடி டாலர் விலை வைத்தார். அதன் மேல்தளத்திலே ஒரு ஹெலிகாப்டர் நின்றது. டெலிவிஷன் தொடர் ஒன்றில் பேர் வாங்கிய ஹெலிகாப்டரைப் போன்றது அது. பறக்காது, அலங்காரத்துக்கு நிற்பது. நமது பக்கத்துக் கிராமங்களில் மாடிச் சுவரின் மேல் சிமிண்டுச் சிங்கம் வைப்பார்களே, அந்த ஜாதியைச் சேர்ந்தது. சுவர் நிறையக் கண்ணாடிக் குடுவைகளில் மிட்டாய் நிரப்பி வைத்திருந்தார்கள். வாங்குகிறவர் சிரமப்படக் கூடாதென்று ஏழு வேலைக்காரர்களை இரண்டு வருஷச் சம்பளத்தோடு வீட்டுடன் சேர்த்துக் கொடுப்பதாகவும் ஏற்பாடு. இவ்வளவு இருந்தும் விலை 18 கோடியே 80 லட்சமாக இறங்கி, 15 கோடியாக இறங்கி, கடைசியில் 2019-ல் 9 கோடியே 40 லட்சத்துக்குப் போயிற்று. மிட்டாய் என்ன ஆயிற்று என்பதைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. நமது வீட்டுக் குழந்தைகளுக்கு அது ஒன்றுதான் முக்கியமாகப் பட்டது.

டெலிவிஷன் தொடர்கள் தயாரித்துக் கீர்த்தி பெற்ற ஆரன் ஸ்பெல்லிங் என்பவரின் மாளிகையும் லாஸ் ஏஞ்சலீஸில்தான் இருக்கிறது. 123 அறைகள். அவர் காலமான பிறகு அவருடைய மனைவி 2009-ல் 15 கோடி டாலர் விலை சொன்னார். 2011-ல் 8½ கோடிக்கு விற்றார். அந்த வீட்டிலே பரிசுப் பொருள்களுக்கு வர்ணக் காகிதம் சுற்றுவதற்கென்றே தனியாக இடம் ஒதுக்கியிருந்தார்கள் என்பது உலகப் பிரசித்தம். இதைப் படித்துக் காட்டியபோது நமது இல்லத்தரசி சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எழுந்து போய், நமது கட்டில் மெத்தையைத் தூக்கிக் காட்டினாள். அதன் கீழே, சென்ற பதினைந்து வருஷத்துக் கல்யாணங்களில் வந்த பரிசுகளின் வர்ணக் காகிதங்கள், கிழியாமல் பிரித்து, மடிப்புக் கலையாமல் அடுக்கப்பட்டிருந்தன. நாம் தினந்தோறும் அந்த அறையின் மேல்தான் படுத்து உறங்கிக்கொண்டிருக்கிறோம் என்பது அன்றுதான் நமக்குத் தெரிந்தது.

வீடாவது இருக்கிறதே என்று சொல்லும்படியான சங்கதி இன்னொன்று. பெவர்லி ஹில்ஸ் நகருக்கு மேலே 157 ஏக்கர் மலை நிலம். வீடு கிடையாது, மதில் கிடையாது, மிட்டாய் கிடையாது, வெறும் மலை. 2018-ல் இதற்கு 100 கோடி டாலர் கேட்டார்கள். மறு வருஷம் 65 கோடி என்றார்கள். அதே வருஷம் ஆகஸ்டு மாதம் கடனுக்காக ஏலத்துக்கு வந்தது. கேட்டது யார்? கடன் கொடுத்த பாத்தியதைக்காரர்களே. எவ்வளவுக்கு? ஒரு லட்சம் டாலருக்கு! வேறு ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்களுக்கு வரவேண்டிய பாக்கி சுமார் 20 கோடி டாலர். ஆகவே ஒரு லட்சத்துக்கு மலை கிடைத்ததே என்று அவர்களுடைய அதிர்ஷ்டத்தைக் கண்டு பொறாமைப்படுவதற்கு இல்லை.

இதெல்லாம் எப்படி நடக்கிறது என்று நேயர்கள் கேட்கலாம். நம் ஊரில் ஒரு வீட்டுக்கு விலை சொல்வதென்றால், அடுத்த தெருவில் போன மாதம் என்ன விலைக்குப் போயிற்று என்று விசாரிக்கிறோம். 49 ஸ்நான அறை உள்ள வீடு அடுத்த தெருவில் இல்லை. ஆகவே விற்கிறவர் கண்ணை மூடிக்கொண்டு தியானித்து ஒரு தொகையைச் சொல்லிவிடுகிறார். தொகை எவ்வளவு அசம்பாவிதமாக இருக்கிறதோ அவ்வளவுக்கு உலகத்துப் பத்திரிகைகள் எல்லாம் காசு வாங்காமல் படம் போடுகின்றன. விலை குறைந்தால் அதற்கும் ஒரு படம். நாமே இப்போது அந்தக் கைங்கரியத்தைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

இன்னொரு விசேஷமும் உண்டு. 'தி ஒன்'னும் ஹெலிகாப்டர் மாளிகையும் யாரோ குடியிருக்கப் போகிறார் என்று கட்டியவை அல்ல. முதலில் கட்டுவது, அப்புறம் ஆள் தேடுவது. மாப்பிள்ளை அகப்படுவதற்கு முன்னால் மாப்பிள்ளைச் சட்டை தைத்து வைப்பது போல. அளவு தெரியாதாகையால் எவ்வளவு பெரிய சரீரத்துக்கும் காணும்படி தைத்துவிடுகிறார்கள்.

இவற்றையெல்லாம் படித்துச் சிரித்துக்கொண்டு வந்த நாம் ஓர் இடத்தில் நிறுத்த வேண்டியதாயிற்று. லாஸ் ஏஞ்சலீஸ் ஜில்லாவில் வீடில்லாதவர்களை ஆண்டுதோறும் தெருத் தெருவாகப் போய் எண்ணுவது வழக்கம். 'தி ஒன்' ஏலத்துக்கு வந்ததற்குச் சில நாள் முன்பு, 2022 பிப்ரவரியில், அந்தக் கணக்கை எடுத்தார்கள். 69,144 பேர். நடைபாதையில் கூடாரம் அடித்தவர்கள், மோட்டார் வண்டிக்குள்ளேயே படுத்து எழுகிறவர்கள், சத்திரங்களில் ஒதுங்கியவர்கள். நமது தாலுகாக்களில் ஜில்லாவின் பெரிய பட்டணத்தைத் தவிர மற்ற ஊர்களில் இத்தனை ஜனங்கள் இருப்பதே அபூர்வம். ஊருக்கு ஊர் பெயர் கொடுத்துப் பழகிய நமக்கு, இத்தனை பேர் சேர்ந்த ஊருக்குப் பெயரே இல்லை என்பது விசித்திரமாகப் பட்டது.

அந்த நகரத்து ஜனங்களுக்கும் இது மனத்தில் தைத்திருக்க வேண்டும். அதே வருஷம் நவம்பரில் வாக்கெடுத்து ஒரு புதிய வரி போட்டார்கள். 50 லட்சம் டாலருக்கு மேல் விற்கும் சொத்துக்கு நூற்றுக்கு 4. ஒரு கோடி டாலரும் அதற்கு மேலும் ஆனால் நூற்றுக்கு 5½. அந்தப் பணம் ஏழைகளுக்கு வீடு கட்டவும், வாடகை கொடுக்க முடியாதவர்கள் தெருவுக்கு வராமல் தடுக்கவும் செலவாக வேண்டும் என்பது சட்டம். 2023 ஏப்ரல் 1-ந் தேதி அமுலுக்கு வந்தது. 'தி ஒன்' ஒரு வருஷம் முன்னதாகவே கை மாறிவிட்டபடியால் தப்பித்துக்கொண்டது. இல்லாவிட்டால் ஏலத் தொகைக்கு மட்டும் ஏறக்குறைய 69 லட்சம் டாலர் வரி. விற்கிறவர்கள் இந்த வரியைப் பற்றி ஓயாமல் அழுதுகொண்டிருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கலாம்; ஆனால் நமக்கு ஏனோ கண்ணீர் வரவில்லை.

அனுதாபம் உண்டாவது வேறொருவரிடம். அவருடைய வீடு லாஸ் ஏஞ்சலீஸிலிருந்து வெகு தூரத்தில், சிகாகோ நகருக்கு வடக்கே இருக்கிறது. அவர்தான் கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜார்டன். அவர் விற்பதற்காக வீடு கட்டவில்லை, குடியிருப்பதற்காகவே கட்டினார். 56,000 சதுர அடி, ஒன்பது படுக்கை அறை, உள்ளேயே ஒரு பந்தாட்ட அரங்கம். அவருடைய சட்டை எண் 23 ஆகையால் வாசல் கதவிலே பிரம்மாண்டமாக 23 என்று பொறித்து வைத்தார். 2012-ல் 2 கோடியே 90 லட்சம் டாலர் கேட்டார். யாரும் வரவில்லை. ஏலம் போட்டார், அதற்கும் வரவில்லை. பிறகு விலையை 1,48,55,000 டாலராகக் குறைத்தார். இந்த எண்களைக் கூட்டிப் பாருங்கள்: 23! விற்காவிட்டாலும் பரவாயில்லை, கூட்டுத் தொகை சரியாக வர வேண்டும் என்ற அந்த மனோபாவம் நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பன்னிரண்டு வருஷம் காத்திருந்து 2024-ல் 95 லட்சம் டாலருக்குக் கொடுத்தார். உலகத்திலே ஒப்பற்ற ஆட்டக்காரர். ஆனாலும் தம் மனத்துக்கு உகந்தபடி கட்டிய வீடு பிறத்தியாருக்குப் பொருந்தவில்லை. நம் ஊரில் தாத்தா கட்டிய வீட்டை விற்கப் போனவர்களுக்கு இந்த அனுபவம் தெரியும். ஊஞ்சல் கம்பியை எவ்வளவு ஆசையோடு காட்டினாலும், வாங்க வந்தவர் சுவரில் ஓதம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்.

இதை எழுதி முடிக்கும் சமயத்தில் அடுத்த வீட்டு எஞ்சினியர் வந்தார். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய பிள்ளை அடுக்கு மாடி வீடு ஒன்று வாங்கி, பணம் முழுவதையும் கட்டிவிட்டு, கட்டட நிறைவுச் சான்றிதழ் வரவில்லை என்பதால் இரண்டு வருஷமாக வாடகை வீட்டிலேயே இருக்கிறான். மாதத் தவணையும் வாடகையும் சேர்ந்து அவர்கள் குடும்பத்தை வாட்டிக்கொண்டிருக்கின்றன. அந்தக் கவலையில் அவர் சிரித்து நாம் பார்த்து வெகு காலமாயிற்று.

"என்ன ஸார், இந்த வாரம் எதைப் பற்றி?" என்றார்.

'தி ஒன்' மாளிகையின் வரலாற்றைச் சொன்னோம். அகழியைப் பற்றிச் சொன்னபோது தலையை ஆட்டினார். ஐந்து குளங்களைச் சொன்னபோது பெருமூச்சு விட்டார். கடைசியில், ஏலத்துக்கு வந்தபோது அந்த வீட்டுக்குக் குடியேறலாம் என்ற நகர சபைச் சான்றிதழே கிடைத்திருக்கவில்லை என்ற செய்தியையும் சொன்னோம்.

எஞ்சினியர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "சான்றிதழ் இல்லையா? 2,200 கோடி ரூபாய் வீட்டுக்கா? நிச்சயந்தானே ஸார்?" என்று கேட்டார்.

"நிச்சயந்தான்" என்றோம்.

"இருங்கள், பையனிடம் சொல்லிவிட்டு வருகிறேன்" என்று எழுந்து, செருப்பைக்கூட மாட்டிக்கொள்ளாமல் வாசல் படி இறங்கிப் போனார்.